தட்டு பொய் சொல்லாது

என் அம்மாவின் தம்பியை எங்கள் வீட்டில் யாரும் சொன்ன நேரத்துக்கு எதிர்பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று மாமா சொன்னால், அம்மா சனிக்கிழமை உலையில்தான் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போடுவாள். ஒரு வருடம் எனக்கென்று வாங்கிய தீபாவளிப் பட்டாசை அவர் கார்த்திகைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பாதி நமுத்துப் போயிருந்தது. அப்பா அவரை மரை கழண்ட ஆள் என்பார். அப்பாவுக்கு மரையோடுதான் பிழைப்பு என்பதால் அது வசவாகத் தோன்றாது, நிபுணர் ஒருவர் பார்த்துச் சொன்ன முடிவாகவே தோன்றும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா அணுமின் நிலையத்தில் பிட்டர், இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிறவர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்தவர், அம்மா மதுராந்தகத்துக்காரி. அப்பாவின் வேலையிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே போகிற ஒவ்வொன்றும், வெளியே வருகிற ஒவ்வொன்றும் எண்ணப்பட வேண்டும். ஒரு வாஷர் குறைந்தாலும் இயந்திரத்தை மூட மாட்டார்கள். அந்த வழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். குக்கர் கைப்பிடியைக் கழற்றினாலும் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கும். கழன்றதெல்லாம் அதில்தான் போகும். மாட்டி முடித்த பிறகு தட்டு காலியாக இருக்க வேண்டும், அல்லது அதில் மிச்சம் இருப்பது ஏன் மிச்சம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஞாபகம் பொய் சொல்லும், தட்டு பொய் சொல்லாது" என்பார். அந்தத் தட்டில் மறந்துபோய் ஒரு நாள் அம்மா எனக்கு உப்புமா போட்டுக் கொடுத்ததற்கு அவர்களுக்குள் இரண்டு நாள் பேச்சு இல்லை.

மாமாவுக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கலாம். ஊரப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுக்கூடச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். பைக்கின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் பீக்கரும் தராசுக் கல்லும் குலுங்க, செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று சுற்றுவார். எங்கள் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஏதாவது ஒரு மாதிரிச் சாமான் கிடைக்கும். லாட காந்தம் ஒன்று கொடுத்திருந்தார். பூதக்கண்ணாடி ஒன்று கொடுத்திருந்தார், அதில் ஓரம் உடைந்திருக்கும். எனக்கு அவரைப் பிடித்த அளவுக்கு அந்த வயதில் வேறு யாரையும் பிடித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார், சனிக்கிழமை மதியமே வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இன்ஜினின் பிளக் டப்பென்று தெறித்து வெளியே வந்துவிட்டதாம். பைக்கைத் தள்ளிய களைப்பிலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எதைச் சொன்னாலும் சிரித்தார்.

அப்பா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அலுமினியத்தில் வெட்டிய மரை மென்மையானது. இரும்பு பிளக்கை முரட்டுத்தனமாகக் கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து வழுக்கிவிடும். அப்போது துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்குவார்கள். சுருளின் உட்பக்கமே பிளக்குக்குப் புது மரை ஆகிவிடும். அதைக் காயில் என்பார் அப்பா. மாமாவின் பைக்குக்கு ஏற்கெனவே யாரோ ஒரு சாலையோர மெக்கானிக் காயில் போட்டிருந்தார், ஆனால் முழுக்க இறக்காமல் ஒரு சுற்று மேலே துருத்திக்கொண்டிருக்க விட்டுவிட்டார். பிளக் அதையும் பிய்த்துக்கொண்டு கிளம்பியிருந்தது.

நல்லவேளையாக அப்பாவிடம் அதே அளவுக் காயில்கள் ஒரு டப்பாவில் இருந்தன. பாரிமுனையில் தன் கைக்காசில் வாங்கியது. காலனியில் யாருடைய ஸ்கூட்டருக்கு மரை போனாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். மறுநாள் காலையில் செய்துவிடலாம் என்றார்.

மாமா மறுநாள் இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்றார். நாலு மணிக்கு மதுராந்தகத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். அப்பா, நாலு மணி என்றால் எந்த நாள் நாலு மணி என்று கேட்டார். மாமா அதற்கும் சிரித்தார்.

மாமா கொண்டுவந்த பையை அம்மா ஆணியில் மாட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். ஊதாத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிய ஆறு ஆப்பிள்கள். எங்கள் வீட்டில் ஆப்பிள் என்றால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். எனக்கா என்று கேட்டேன். "இது ஒரு வாத்தியார் ஊட்டுக்கு பாப்பா" என்றார். அதன் கீழே குண்டூசி கூட எடுக்காத புதுச்சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. எனக்குக் கொஞ்சம் முகம் தொங்கிப் போயிருக்க வேண்டும். உடனே அவர், நாளைக்கு உன்னை மாமல்லபுரம் பீச்சுக்குக் கூட்டிக்கினு போறேன், குதிரை மேல ஏத்துறேன் என்று சொல்லிவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்வது அவருக்குப் பழக்கம். நானும் அதை நம்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்ததுமே கவுனை மாற்றிக்கொண்டு நின்றேன். மாமா தலையில் அடித்துக்கொண்டு, ஐயோ இன்னிக்கு முடியாது, அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா அங்கேதான் பைக்கை நிறுத்தி வேலையைத் தொடங்கியிருந்தார். வேறு நாளாக இருந்தால் இன்ஜினின் தலைப்பகுதியையே கழற்றி மேசையில் வைத்துச் செய்திருப்பார். ஹெட் என்று அவர்கள் சொல்லும் அந்த மூடியைக் கழற்றினால் அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் என்ற மெல்லிய தகட்டைப் புதிதாகப் போட வேண்டிவரும், ஞாயிற்றுக்கிழமை அது எங்கும் கிடைக்காது. மாமாவின் அவசரத்துக்காக, கழற்றாமலே செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அவர் தன் வழக்கத்தை ஒருவருக்காக விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதற்குப் பதிலாக, பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தினார். ஏதாவது தவறி உள்ளே விழுந்தாலும் பிஸ்டனின் தலைமேலேயே கிடக்கும், கீழே போகாது என்றார்.

முக்கோண அரத்தைத் தேய்த்து அவரே செய்த கருவி ஒன்று இருந்தது. அதைத் துளைக்குள் வைத்து மெல்லத் தட்டி, அழுத்திப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினார். பழைய காயில் நீண்டு, இழுபட்ட ஸ்பிரிங் மாதிரி வெளியே வந்தது. தட்டில் போட்டார். துளையின் பழைய மரையைக் கிரீஸ் தடவிய கருவியால் சுத்தம் செய்தார். பிறகு புதுக் காயிலைச் சுழற்றி இறக்கினார். மேல் விளிம்புக்குக் கால் சுற்று கீழே அது போய் உட்கார்ந்ததும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் தலையாட்டினார்.

காயிலின் அடிமுனையில் கம்பி குறுக்காக மடங்கி நிற்கும். அதைப் பிடித்துத்தான் கருவி காயிலைச் சுழற்றுகிறது. இறங்கி முடிந்ததும் அதற்கு வேலை இல்லை, ஒடித்து எடுத்துவிட வேண்டும். அதற்கு வால் என்று பெயர். நோஸ் பிளேயரை உள்ளே விட்டு அப்பா இரண்டு முறை மேலும் கீழுமாக அசைத்தார். டிக் என்று ஒரு சத்தம். பிளேயர் நுனியில் ஒரு துணுக்கு, வெட்டிப் போட்ட நகம் அளவுக்கு. அந்த நேரம் பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு மேலே தலை நீட்டி, உங்களுக்கு போன் வந்திருக்கிறது, ஷிப்ட் விஷயமாம், லைனிலேயே இருக்கிறார்கள் என்றாள். அப்பா பிளேயரோடு வாலைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஓடினார்.

மாமா வந்து பைக்கைச் சுற்றிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சும்மா நிற்க முடியாமல் கிக்கரைக் கையால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ புஸ் புஸ் என்றது. திருப்தியோடு குளிக்கப் போய்விட்டார்.

படியில் நானும் தட்டும் மட்டும் இருந்தோம். வால் இல்லாமல் அப்பா பைக்கை மூட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மூன்று மணி வரை அது என்னிடம் இருந்தால் போதும். அதற்குள் மாமா கிளம்பும் நேரம் போய்விடும். அப்புறம், இதோ கிடைத்துவிட்டது என்று நானே எடுத்துக் கொடுப்பேன். அப்பா பாராட்டுவார். மாமா வேறு வழியில்லாமல் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். திட்டம் அவ்வளவுதான். வாலை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த வாசனை ரப்பருக்குள் அழுத்திப் புதைத்தேன். ரப்பர் மேலே ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

அப்பா திரும்பிவந்து, பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போலத் தட்டைப் பார்த்தார். பழைய காயில், பழைய வாஷர், பிளேயர். பிளேயரைத் தூக்கிப் பார்த்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். வாலைத் தட்டில் வைத்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் அவர் தன் ஞாபகத்தை நம்புகிற ஆள் இல்லை.

"பாப்பா, தட்டுல ஒரு சின்ன கம்பித் துண்டு இருந்துச்சே, நீ பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

நான் பார்க்கலப்பா என்றேன். வேறு யோசனையே வரவில்லை. சட்டென்று வந்துவிட்டது.

அவர் பதறவில்லை. பிஸ்டன் மேலேதான் இருக்கிறது, விழுந்திருந்தால் அதன் தலையில்தான் கிடக்கும் என்றபடி டார்ச்சை எடுத்தார். ஈரத்தலையோடு வந்த மாமா அப்போதுதான் கிக்கரை அழுத்திய விஷயத்தைச் சொன்னார். அப்பா டார்ச்சை அணைத்தார். பிஸ்டன் இறங்கி ஏறியிருந்தால் துணுக்கு பக்கவாட்டு வழிகளில் புகுந்து இன்ஜினின் அடிவயிறு வரை போயிருக்கலாம். "கொஞ்ச நேரம் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா மாப்ளே" என்று மட்டும் கேட்டார். அதுவே அவருக்குப் பெரிய கோபம்.

நான் லாட காந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். இதை எழுதும்போது என் வெட்கங்கெட்டத்தனம் எனக்கே தாங்கவில்லை. அப்பா என் தலையைத் தடவி, இந்த எஃகு காந்தத்தில் ஒட்டாதும்மா என்று பழைய காயிலில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அரை மணிநேரம், அரை மணிநேரமாக நடந்தது. பைக்கைச் சாய்த்துக் குலுக்கினார்கள். சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தார்கள். மாமா புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். "ஆச்சா மாமா?" என்று அப்பாவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டார். அப்பா ஒவ்வொரு தரமும் இன்னும் ஓர் அரை மணிநேரம் என்றார். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் கேட்டுப் பார்த்தார்கள், அந்த வீட்டுக்காரர் உறவுக்காரர்களோடு அதில் மாமல்லபுரம் போயிருந்தார். ஒரு மணிக்கு அப்பா வேறு வழியில்லாமல் ஹெட்டைக் கழற்றினார். கேஸ்கெட் கிழிந்தது. பிஸ்டன் தலை சுத்தமாக இருந்தது.

மணி இரண்டு. மாமா, விழுந்திருந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும், பழைய கேஸ்கெட்டையே வைத்து மூடிக் கொடுங்கள், மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

"உள்ள இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. தெரியலைன்னுதான் சொல்ல முடியும். ஓடுற வண்டியில அது பிஸ்டனைப் பிடிச்சா பின்சக்கரம் அப்படியே நின்னுரும். ஜிஎஸ்டி ஹைவேல உம்ம பின்னாடி லாரி வரும். உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார் அப்பா.

 மாமா படிக்கு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருடைய புதுச்சட்டையில் பை ஓரமாகக் கிரீஸ் பட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"பாப்பா, உன் கண்ணு நல்ல கண்ணாச்சே. இன்னொரு தபா தேடிப் பாரேன். மாமாவுக்கு இன்னிக்கு ரொம்ப முக்கியமான வேலை கீது."

என்ன வேலை என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். அவர் அன்று ஏதாவது ஒரு பதில் சொல்லியிருந்தால் எழுந்து போய் ரப்பரை எடுத்து வந்திருப்பேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையா என்று தெரியவில்லை. அவர் சிரித்து, "சொன்னா உனக்குப் புரியாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேடிட்டேன் மாமா, இல்ல என்றேன்.

இரண்டே முக்காலுக்கு மாமா ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை பஸ். செங்கல்பட்டு போய் மாறிப் போக வேண்டும். அவர் பஸ்ஸில் போய்விடக்கூடும் என்பது என் திட்டத்தில் இல்லை. இப்போது வாலை எடுத்துக் கொடுக்கலாம் என்றால் கிழிந்த கேஸ்கெட்டோடு இன்ஜின் வாயைப் பிளந்து கிடக்கிறது, அப்பா முழங்காலிட்டுத் தரையை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் அதைக் கொண்டுபோய் நீட்டும் தைரியம் எனக்கு வரவில்லை. ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தேன்.

அப்பா அந்த வாரம் முழுக்க இன்ஜினைக் கடைசித் திருகு வரை பிரித்தார். வேலை முடிந்து வந்து, காபி கூடக் குடிக்காமல் வாசலில் உட்காருவார். வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி பூட்டினார். பைக் நன்றாகவே ஓடியது. வால் மட்டும் கிடைக்கவில்லை. காயில் டப்பாவையும் அந்த முக்கோணக் கருவியையும் இரும்புப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார். அதன் பிறகு காலனியில் யாராவது ஸ்கூட்டரோடு வந்தால், கண் முன்னைப்போல இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கண்ணாடிகூடப் போடாத மனிதர். குக்கர் கைப்பிடிக்கும் ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று அம்மா அலுத்துக்கொள்வாள். எனக்கு அது ஏன் என்று தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பாவிடம் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் இருந்தன. பத்தாவது பரீட்சை முடியட்டும், கல்லூரியில் இடம் கிடைக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டேன். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

மாமா அன்று எதற்காகப் போனார் என்பது அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. என்னைப் பெண் பார்க்க வரும் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, மாமாவுக்கும் அப்படி ஒரு பெண் அமைந்திருக்க வேண்டியது என்று பேச்சுவாக்கில் ஆரம்பித்தாள். மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். மாமா பீக்கர் விற்கப்போன இடத்தில் பழக்கம். கிறிஸ்தவக் குடும்பம், அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடிகாரம் பார்த்து மூச்சு விடுகிற மனிதர். மகள் அழுது அடம்பிடித்ததில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல், ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அன்று மாலையே வேலூரிலிருந்து வந்த வேறொரு சம்பந்தத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தரை வரை காத்திருந்துவிட்டு அவர்கள் மாலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மாமா ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். கோயிலிலிருந்து திரும்பி வந்த தலைமையாசிரியர் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நிறுத்திப் பேசினாராம். மாமா நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். பிளக், காயில், நகம் அளவுக்கு ஒரு கம்பித் துணுக்கு, அது கிடைக்கும்வரை பைக்கை எடுக்கவிடாத அக்கா வீட்டுக்காரர். இதைவிட நல்ல பொய்யாக ஒன்று உனக்குக் கிடைக்கவில்லையா தம்பி என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டாராம். வேலூர்ச் சம்பந்தத்துக்குக் கோயிலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

மாமா இதைத் தன் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அம்மாவிடம் சொன்னாராம். அம்மா அதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "என் கை செஞ்ச தப்பு, உன் தம்பி தலையில விடிஞ்சிருச்சே" என்று அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கீரையை அலசப் போனாள். நான் போய்ப் பழைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஊரப்பாக்கம் போனேன். மாமா அங்கேயே சொந்த வீடு கட்டியிருந்தார். அத்தை நல்லவள். இரண்டு பிள்ளைகள், என்மேல் ஏறி விளையாடும். அன்று நடந்தது நடக்காமல் இருந்திருக்கலாம் என்று முழு மனதோடு நினைத்தால் அந்தப் பிள்ளைகள் இல்லை என்று ஆகிவிடும். இதனால் என்னால் ஒழுங்காக வருத்தப்படக்கூட முடியவில்லை. அத்தை கடைக்குப் போன நேரத்தில் ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதன் வாசனை எப்போதோ போயிருந்தது, வெடித்துக் கறுத்திருந்தது. ஊக்கால் கிளறி வாலை எடுத்து அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அதை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். துரு இல்லை, அப்படியே பளபளவென்று இருந்தது. "இத்துனூண்டுதானா" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க அப்பாவாண்ட சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சொல்லிருக்கலாம் பாப்பா. மன்ஷன் அதோட ஸ்பேனரையே தொடலியே."

 வாலைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன்.

வாலை ஒளித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையைப் பற்றி மட்டும் நான் அவரிடம் பேசவில்லை. அவருக்கும் அது ஞாபகம் இருக்கும்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதே புதுச்சட்டை, பை ஓரத்தில் அதே கிரீஸ். கையில் அதே பை. அதை என்னிடம் நீட்டினார். "இந்தா பாப்பா, எல்லாம் உனக்குத்தான். வாத்தியாருக்குப் பல்லே இல்லியாம்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பல் இல்லாத ஒரு வாத்தியார் ஆப்பிளை வைத்துக்கொண்டு திண்டாடுவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆறில் பெரியதைப் பொறுக்கி ஊதாத் தாளைப் பிரித்து அங்கேயே நின்று கடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கீதா?" என்று கேட்டார். வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதே கேட்டுவிட்டேன், பீச்சுக்கு எப்போது என்று. இன்னிக்கே போலாம், நாலு மணிக்கு இஸ்கூல் வாசல்ல நிக்கிறேன் என்றார். நாலு என்றால் ஐந்தரை என்று வைத்துக்கொண்டேன்.

மணி அடித்து நாங்கள் வெளியே ஓடிவந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டதாக வாட்ச்மேன் தாத்தா சொன்னார். பஸ்ஸில் மாமல்லபுரம் போனோம், குதிரையில் ஏற்றினார், அலைக்கு முன்னால் உட்கார்ந்து இருட்டும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணலில் விளையாடினேன். என் திட்டம் ஒரு நாள் தள்ளியானாலும் முழுசாகப் பலித்துவிட்டது என்று இருந்தது எனக்கு. மறுநாள் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன்: எங்க மாமா இப்பல்லாம் சொன்ன நேரத்துக்குக் கரெக்டா வந்துடுறாரு, தெரியுமா.